கிராமத்துப் பப்பில் மதியச் சாப்பாடு: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

இங்கிலாந்தில் பல வருடம் இருந்தும் கிராமத்துப் பப் ஒன்றுக்குள் கால் வைக்காத தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். பப் என்றதும் டாஸ்மாக்தான் கண்முன் வருகிறது. பிள்ளைகுட்டிகளோடு அங்கே போவதா என்ற தயக்கம். குடிக்காதவர்களும் சைவர்களும் அது நமக்கான இடமே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஒரு புதன்கிழமை மதியம் எட்டிப் பாருங்கள். பேத்தியோடு வந்த பாட்டி, மேஜைக்கடியில் தூங்கும் நாய், சேற்றுப் பூட்ஸோடு வயல்வழியே நடந்து வந்த ஒரு ஜோடி, லைம் சோடாவை உறிஞ்சிக்கொண்டிருக்கும் நாலைந்து பேர். இவ்வளவுதான் கூட்டம்.

புதிதாகப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கம் உண்மையில் ஒன்றுதான். இங்கே பெரும்பாலும் யாரும் உங்கள் மேஜையைத் தேடி வரமாட்டார்கள்; நீங்கள்தான் எழுந்து பாருக்குப் போய்க் கேட்க வேண்டும். இது தெரியாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, நிறத்தைப் பார்த்து நம்மை ஒதுக்குகிறார்கள் என்று மனம் நொந்து வெளியேறியவர்கள் உண்டு. பக்கத்து மேஜை வெள்ளைக்காரரையும் யாரும் வந்து கேட்டிருக்க மாட்டார்கள். அவர் போய் வாங்கிக்கொண்டு வந்தார், அவ்வளவுதான்.

எந்தப் பப்புக்குப் போவது

முதல் தடவைக்குச் சமீபத்தில் புதுப்பித்துத் திறந்த கிராமத்துப் பப்பையே பரிந்துரைப்பேன். இப்படிப் புதுப்பிக்கும் பப்கள் பெரும்பாலும் சாப்பாட்டை நம்பித்தான் திறக்கின்றன. இங்கிலாந்தில் 2007 ஜூலை 1 முதல் பப்புக்குள் புகைபிடிக்கத் தடை வந்தது. சூப்பர்மார்க்கெட்டில் பீர் மலிவாகக் கிடைக்கிறது. வெறும் குடியை மட்டும் விற்றுக் கிராமத்துப் பப் பிழைப்பது கடினம். நல்ல சாப்பாட்டைப் பப்பிலேயே போடலாம் என்ற போக்கின் தொடக்கமாக, 1991-இல் லண்டன் கிளெர்க்கன்வெல் பகுதியில் திறந்த 'தி ஈகிள்' என்ற பப்பைச் சொல்வார்கள். அந்தப் போக்கு கிராமங்களுக்கும் பரவிவிட்டது. பக்கிங்ஹாம்ஷயரின் மார்லோவில் உள்ள 'ஹேண்ட் அண்ட் ஃபிளவர்ஸ்' சிறந்த உணவகங்களுக்குத் தரும் மிஷலின் நட்சத்திரத்தில் இரண்டு வாங்கிய முதல் பப். உங்கள் முதல் பயணம் அங்கே வேண்டாம், பர்ஸ் தாங்காது.

புதுப்பித்த பப்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வெளித்தோற்றம் பழசாகவே இருக்கும், ஏனென்றால் பல கிராமத்துப் பப்கள் பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடங்கள். அனுமதி இல்லாமல் ஜன்னலைக்கூட மாற்ற முடியாது. உள்ளே போனால் மங்கிய பச்சை வண்ணம், துடைத்து மெருகேற்றிய மர உத்திரங்கள், கண்ணாடிக் கதவு போட்ட விறகடுப்பு, ஒன்றோடொன்று பொருந்தாத நாற்காலிகள். பழைய தரைக்கம்பளத்தைத் தூக்கி எறிந்திருப்பார்கள். அதில் பல தலைமுறை பீர் ஊறியிருந்தது, போனதே நல்லது.

உரிமையாளர் யார் என்று பார்ப்பதும் பயன் தரும். பெயர்ப்பலகையிலோ சுவரிலோ கிரீன் கிங், ஷெப்பர்ட் நீம், ஆட்னம்ஸ் போன்ற பீர்க் கம்பெனியின் பெயர் இருந்தால், பீர் பெரும்பாலும் அந்தக் கம்பெனியுடையதாக இருக்கும். 'ஃப்ரீ ஹவுஸ்' என்று எழுதியிருந்தால் எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படாத பப். இலவசம் என்று நினைத்துவிட வேண்டாம். மூன்றாவது வகை எனக்கு மிகவும் பிடித்தது: ஊர்க்காரர்களே பங்கு போட்டு வாங்கி நடத்தும் பப். வடக்கு யார்க்‌ஷயரில் ரிச்மண்ட் அருகே ஹட்ஸ்வெல் என்றொரு சின்னக் கிராமம். அங்கிருந்த 'ஜார்ஜ் அண்ட் டிராகன்' 2008-இல் மூடப்பட்டது. ஊரார் கூட்டுறவு அமைத்து, பங்கு விற்றுப் பணம் திரட்டி, கட்டடத்தை வாங்கிச் சீர்செய்து 2010-இல் திறந்தார்கள். அதற்குள்ளேயே ஒரு சின்னக் கடையும் நூலகமும் உண்டு. 'ஏல்' என்ற பாரம்பரிய பீருக்காகக் குரல் கொடுக்கும் இயக்கமான காம்ரா, 2016-ஆம் ஆண்டுக்கான நாட்டின் சிறந்த பப்பாக அதைத் தேர்ந்தெடுத்தது.

மெனுவை முன்கூட்டியே இணையத்தில் பாருங்கள். ஒரே பக்கத்தில் ஏழெட்டு உணவு மட்டும் இருந்தால் நல்ல அறிகுறி. நாலு பக்கத்துக்குப் பீட்ஸா, தாய் கறி, டிக்கா மசாலா என்று நீண்டால் ஃப்ரீசர்தான் சமைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று: திறந்த முதல் இரண்டு மூன்று வாரம் சமையலறையும் பரிமாறுகிறவர்களும் இன்னும் பழகியிருக்க மாட்டார்கள். கொஞ்சம் பொறுத்து, வாரநாளில் போங்கள்.

நேரம், முன்பதிவு, பயணம்

பப் திறந்திருக்கும் நேரமும் சமையலறை நேரமும் வேறுவேறு. நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். பப் காலை 11 மணிக்கே திறந்திருக்கலாம். மதியச் சாப்பாடு பெரும்பாலும் 12 முதல் 2 அல்லது 2.30 வரைதான். ஞாயிறன்று 4 மணி வரை நீளலாம். நம் வழக்கப்படி மூன்று மணிக்குப் போய் நின்றால் வறுத்த கடலையும் கிரிஸ்ப்ஸும்தான் கிடைக்கும். திங்கட்கிழமை பல கிராமத்துப் பப்கள் மூடியிருக்கும், சில செவ்வாயும்.

முன்பதிவுக்கு ஃபோன் செய்வதே நல்லது. எத்தனை பேர், குழந்தைக்கு உயரமான நாற்காலி வேண்டுமா, சைவர் எத்தனை பேர், யாருக்காவது ஒவ்வாமை உண்டா என்பதையெல்லாம் அப்போதே சொல்லிவிடுங்கள். பார் பக்கம் வேண்டுமா, சாப்பாட்டு அறை வேண்டுமா என்று கேட்பார்கள். நாய்க்குப் பயப்படுகிறவர் சாப்பாட்டு அறை கேட்கலாம். பார் பக்கம் நாய்களுக்குப் பெரும்பாலும் தடையில்லை.

காரில் போனால், ஓட்டுகிறவர் குடிக்கக்கூடாது. ஒரு கிளாஸ்தானே என்ற கணக்கெல்லாம் வேண்டாம். பஸ்ஸில் போக நினைப்பவர்கள் திரும்பி வரும் நேரத்தை முதலில் பாருங்கள். இங்கிலாந்தில் பெரும்பாலான உள்ளூர்ப் பஸ்களில் ஒருவழிக் கட்டணத்துக்கு 3 பவுண்ட் உச்சவரம்பு இருக்கிறது. ஆனால் ஞாயிறன்று பல கிராமங்களுக்குப் பஸ்ஸே கிடையாது.

வாசலைத் தாண்டியதும்

கதவைத் திறந்ததும் முதலில் தலையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். பழைய கட்டடங்களின் உத்திரங்கள் மிகத் தாழ்வானவை. உயரமானவர்கள் நெற்றியில் வாங்கிக்கட்டிக்கொள்வது சகஜம். அடுத்து, பலகை ஏதாவது நிற்கிறதா என்று பாருங்கள். 'ப்ளீஸ் வெயிட் டு பி சீட்டட்' என்று எழுதியிருந்தால் அங்கேயே நில்லுங்கள், ஒருவர் வந்து அழைத்துப் போவார். புதுப்பித்த பப்களில் இந்தப் பலகை இப்போது அதிகம். அப்படியென்றால் அது ரெஸ்டாரண்ட் முறை: மேஜைக்கே வந்து ஆர்டர் எடுப்பார்கள். பலகை இல்லையென்றால் நேராகப் பாருக்குப் போய், முன்பதிவு செய்திருக்கிறோம் என்று பெயரைச் சொல்லுங்கள். முன்பதிவு இல்லையென்றால் எங்கே உட்காரலாம் என்று கேளுங்கள். எந்த முறை என்றே புரியவில்லையா? "டூ வி ஆர்டர் அட் த பார்?" இந்த ஒரு கேள்வி போதும். உள்ளூர்க்காரர்களும் கேட்பதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பார் ஓரத்து உயர ஸ்டூல்களில், மூலையில் இருப்பதைத் தவிர்த்துவிடுங்கள். சட்டம் ஒன்றுமில்லை. ஆனால் தினமும் 12.10-க்கு ஒரு பெரியவர் வந்து அதில் உட்காருவார், ஊருக்கே தெரியும்.

உடை பற்றிக் கவலை வேண்டாம். ஜீன்ஸ், சேலை, சுடிதார், எதுவும் சரிதான்.

பாரில் நிற்கும் முறை

மேஜையில் ஒரு எண் இருக்கும், மரக்கட்டையிலோ சின்னப் பித்தளைத் தகட்டிலோ. எழுந்து போகும்முன் அதை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாரில் முதல் கேள்வியே அதுதான். வரிசை என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆட்கள் பார் மேடை நெடுகப் பரவி நிற்பார்கள். ஆனால் வரிசை இருக்கிறது, பரிமாறுகிறவரின் தலைக்குள். யார் யாருக்கு அப்புறம் வந்தார்கள் என்று அவருக்குத் தெரியும். நீங்கள் செய்ய வேண்டியது மேடையோரம் இடம் பார்த்து நின்று, ஒருமுறை அவர் கண்ணைப் பார்ப்பது மட்டுமே. கை தட்டுவது, "ஹலோ" என்று கூப்பிடுவது, நோட்டை ஆட்டுவது எதுவும் கூடாது. "ஹூ ஈஸ் நெக்ஸ்ட்?" என்று கேட்கும்போது உங்கள் முறை இல்லையென்றால் பக்கத்திலிருப்பவரைக் காட்டிவிடுங்கள். அந்த ஒரு சைகையில் அந்த அறை முழுவதும் உங்கள் பக்கம் வந்துவிடும்.

அப்புறம் சொல்லுங்கள்: "குட் வி ஆர்டர் சம் ஃபுட், ப்ளீஸ்? டேபிள் செவன்." வாக்கியத்துக்கு ஒரு ப்ளீஸ் கட்டாயம். தமிழில் குரலிலேயே இருக்கும் மரியாதையை ஆங்கிலத்தில் அந்தச் சொல்தான் சுமக்கிறது. பணம் பெரும்பாலும் அப்போதே, கார்டில். 'டேப்' என்ற பற்றுக் கணக்கு திறந்தால் கடைசியில் மொத்தமாகக் கட்டலாம். பானத்தை நீங்களே எடுத்துப் போக வேண்டும், சாப்பாடு மேஜைக்கு வரும். நண்பர்களோடு போனால் ஒரு சுற்றை ஒருவர் வாங்குவார், அடுத்த சுற்றை இன்னொருவர். குடிக்காதவரும் அந்தச் சுற்றில் சேர்த்திதான். வாங்கிக்கொள்வதோடு நிற்காமல் உங்கள் முறையில் எழுந்து போங்கள். பாரில் வெறும் பானத்துக்கு டிப்ஸ் வைக்கும் பழக்கம் இல்லை.

குடிக்காதவர்களுக்கு: லைம் அண்ட் சோடா மலிவு, நல்லது. லெமனேட் என்றால் நம் எலுமிச்சைச் சாறு வராது, ஸ்ப்ரைட் போன்ற காஸ் பானம் வரும். ஜிஞ்சர் பீரில் பெரும்பாலும் ஆல்கஹால் இல்லை, பீரும் லெமனேடும் கலந்த ஷேண்டியில் உண்டு. சைடர் என்பது ஆப்பிளில் செய்த மது, குழந்தைக்கு வாங்கிவிடாதீர்கள். குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்பது மது உரிமத்தின் நிபந்தனையே. "டேப் வாட்டர், ப்ளீஸ்" என்று சொல்லுங்கள். வெறும் 'வாட்டர்' என்றால் பாட்டில் வரலாம், அதற்குக் காசு.

குடிப்பவர்களுக்கு: ஒரு பைண்ட் 568 மி.லி., பாதியும் கேட்கலாம். பாரில் நீளமான கைப்பிடியை இழுத்து ஊற்றுவது கேஸ்க் ஏல். பீப்பாய்க்குள்ளேயே ஈஸ்ட் உயிரோடிருந்து கடைசி நொதிப்பு நடக்கும். நிலவறையின் 11 முதல் 13 டிகிரியில் வைத்திருப்பார்கள். ஐஸ் போல இருக்காது, கெட்டுப்போனதும் இல்லை. எது பிடிக்கும் என்று தெரியாவிட்டால் ஒரு வாய் சுவைத்துப் பார்க்கக் கேட்கலாம், சின்னக் கிளாஸில் தருவார்கள். சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பல கேஸ்க் ஏல்களைத் தெளிய வைப்பது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருள். 25 வயதுக்குக் குறைவாகத் தெரிந்தால் அடையாள அட்டை கேட்பார்கள். சட்டப்படி வயது 18 தான், ஆனால் நம் முகம் இளமையாகத் தெரிவதால் முப்பதிலும் கேட்பதுண்டு. ஈ-விசாவை ஃபோனில் காட்டினால் செல்லாது. பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அலைவதைவிட தற்காலிக ஓட்டுநர் உரிமம் (ப்ரொவிஷனல் லைசென்ஸ்) எடுத்துவைத்துக்கொள்வது மேல்.

மெனுவில் மறைந்திருப்பவை

இதைப் பொறுமையாகப் படியுங்கள். பப் மெனு பார்ப்பதற்குச் சாதுவாக இருக்கும், உள்ளே பன்றியும் மாடும் ஒளிந்திருக்கும்.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள்: காட்டேஜ் பை மாடு, ஷெப்பர்ட்ஸ் பை ஆடு. ஸ்டேக் அண்ட் ஏல் பையில் மாடும் உண்டு, பீரும் உண்டு. சூயட் என்று எங்காவது கண்டால் அது பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பு. வடக்கே, குறிப்பாக யார்க்‌ஷயரில், சிப்ஸையும் மீனையும் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் இடங்கள் உண்டு, "டிரிப்பிங்கில் பொரிப்பதா?" என்று கேளுங்கள்.

பன்றி தவிர்ப்பவர்கள்: சாசேஜ் என்று மட்டும் இருந்தால் பன்றி. கேமன், ஹேம், பேக்கன் எல்லாம் பன்றி. பிளாக் புட்டிங் பன்றி ரத்தம். நம்மவர்கள் தவறாமல் விழும் குழி ஸ்காட்ச் எக். வெளியே பார்த்தால் அசல் முட்டை போண்டா. அறுத்தால் முட்டையைச் சுற்றி விரற்கடைத் தடிமனுக்குப் பன்றி சாசேஜ் இறைச்சி. ஹலால் இறைச்சியைக் கிராமத்துப் பப்பில் எதிர்பார்க்க வேண்டாம். மீனும் காய்கறியும்தான் வழி. மீனை முக்கும் மாவிலும் பீர் ஊற்றுவார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சைவர்களுக்குப் பெயருக்குப் பக்கத்தில் 'வி' குறி இருக்கும். அது முட்டையைத் தடுக்காது. பால், முட்டை இரண்டும் வேண்டாம் என்றால் 'விஇ' குறி பாருங்கள். 'வி' இல்லாத எதையும் கேட்காமல் வாங்காதீர்கள். வெல்ஷ் ரேர்பிட் பாலாடைக்கட்டி உருக்கிய ரொட்டிதான், ஆனால் அதில் ஊற்றும் வூஸ்டர் சாஸில் நெத்திலி மீன் உண்டு. சிப்ஸ் மீன் பொரித்த எண்ணெயிலேயே பொரிந்திருக்கலாம். பன்னா கோட்டா என்ற பாலேட்டு இனிப்பை உறைய வைப்பது ஜெலட்டின், அது விலங்கிலிருந்து வருவது. ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சட்டம் பலமாகத் துணை நிற்கிறது: கடலை, எள், கடுகு, பால், முட்டை, கோதுமை உள்ளிட்ட 14 பொருள்களில் எது எதில் இருக்கிறது என்று கேட்டால் சொல்லியாக வேண்டும். தனிக் கோப்பே வைத்திருப்பார்கள்.

சரி, எதைச் சாப்பிடுவது? வாரநாள் மதியம் என்றால் ப்ளோமன்ஸ் லஞ்ச் எளிதான தொடக்கம். பெரிய துண்டுச் செடார், மொறுமொறு ரொட்டி, வெண்ணெய், ஊறவைத்த வெங்காயம், ஆப்பிள், கரும்பழுப்பு பிக்கிள். ஹேம் வைத்துத் தரும் இடங்களில் அது வேண்டாம் என்று சொல்லலாம். அந்த பிக்கிள் இனிக்கும். நம் ஊறுகாயை நினைத்து அள்ளாதீர்கள். ஃபிஷ் அண்ட் சிப்ஸ் இன்னொன்று: காட் அல்லது ஹாடக், பெரும்பாலும் முள் எடுத்தது. நல்ல சமையலறை என்றால் கத்தி வைத்ததும் மேல்தோல் 'கறுக்' என்று உடைந்து, உள்ளே மீன் இதழ் இதழாக விலகும். தோல் தொளதொளவென்று எண்ணெய் குடித்திருந்தால் அந்தப் பப்புக்கு மறுபடி போக வேண்டாம். உப்பு, மால்ட் வினிகர் நாமே போட்டுக்கொள்ள வேண்டியது. காரம் இல்லையே என்றால் இங்கிலீஷ் மஸ்டர்ட் கேளுங்கள். ஒரு கடுகளவு போதும், மூக்கு வழியாக உச்சந்தலைக்கு ஏறும்.

ஞாயிறு ரோஸ்ட்

இதற்காகவே ஒருமுறை போகலாம். மாடு, பன்றி, கோழி, ஆடு என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், கூடவே அடுப்பில் முறுகலாக வறுத்த உருளை, கேரட், கோஸ், கிண்ணம்போல் உப்பிய யார்க்‌ஷயர் புட்டிங், எல்லாவற்றின் மேலும் கிரேவி. யார்க்‌ஷயர் புட்டிங் இனிப்பு கிடையாது; மாவு, முட்டை, பால் சேர்த்து அடுப்பில் உப்ப வைத்தது. அதன் குழியில் கிரேவியை ஊற்றி, ஊறி நொறுங்குவதற்குள் சாப்பிட வேண்டும். கிரேவி போதவில்லையென்றால் தயங்காமல் இன்னும் கேளுங்கள், பல இடங்களில் காசு வாங்குவதில்லை. ஆட்டுக்குப் புதினா சாஸ், பன்றிக்கு ஆப்பிள் சாஸ், மாட்டுக்கு ஹார்ஸ்ரேடிஷ். ஆட்டோடு வரும் புதினா சாஸ் வினிகரும் சர்க்கரையும் கலந்தது. நம் நாக்குக்குப் பொருந்தப் பாதிப் பேருக்கு நாளாகும்.

சைவர்களுக்கு, கொட்டைப் பருப்புகளில் செய்யும் நட் ரோஸ்ட் உண்டு. ஆனால் தட்டில் கூட வரும் உருளை வாத்துக் கொழுப்பில் வறுபட்டதாக இருக்கலாம், கிரேவி இறைச்சிச் சாற்றில் செய்ததாக இருக்கலாம். ஃபோன் செய்யும்போதே "வெஜிடேரியன் கிரேவி, வெஜிடேரியன் உருளை" என்று இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். அன்று காலை போய்க் கேட்டால் சமையலறைக்கு வேறு தட்டு போட நேரமிருக்காது. மதியம் 2.30-க்கு மேல் போனால் மாடு தீர்ந்துவிட்டது என்பார்கள்.

இடம் மீதி இருந்தால் ஸ்டிக்கி டாஃபி புட்டிங். பேரீச்சம்பழம் சேர்த்த சூடான கேக், மேலே டாஃபி சாஸ். இரண்டு பேருக்கு ஒன்று, கரண்டி இரண்டு என்று கேட்பது இங்கே சகஜம்.

குறை இருந்தால், பில் வந்தால்

இரண்டு வாய் சாப்பிட்டதும் ஒருவர் வந்து "ஈஸ் எவ்ரிதிங் ஆல் ரைட்?" என்பார். ஆறியிருந்தால், உப்புக் கரித்தால், தவறான தட்டு வந்திருந்தால், அப்போதே சொல்ல வேண்டும். ஆங்கிலேயர்கள் "லவ்லி" என்று சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் இணையத்தில் ஒரு நட்சத்திரம் போடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். தட்டைக் காலி செய்தபின் சொன்னால் பலன் இல்லை. அப்போதே சொன்னால் மாற்றித் தருவார்கள், அல்லது பில்லில் கழிப்பார்கள்.

மெனுவில் போட்டிருக்கும் விலையில் வரி அடக்கம். பில்லின் அடியில் 'டிஸ்கிரெஷனரி சர்வீஸ் சார்ஜ்' என்று 10 அல்லது 12.5 சதவீதம் சேர்த்திருந்தால் அது கட்டாயமில்லை. பிடிக்காவிட்டால் எடுக்கச் சொல்லலாம். சேர்த்திருந்தால் மறுபடி டிப்ஸ் வைக்க வேண்டாம். சேர்க்காமல், மேஜைக்கே வந்து நன்றாகக் கவனித்திருந்தால் பத்து சதவீதம் வைப்பது வழக்கம். 2024 அக்டோபர் 1 முதல் அந்தப் பணம் முழுவதையும் ஊழியர்களுக்கே கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது; முதலாளி எடுத்துக்கொள்வாரோ என்ற சந்தேகத்தில் வைக்காமல் வர வேண்டாம்.

எழுந்திருக்கும்போது காலிக் கிளாஸ்களைப் பாரில் கொண்டுவைத்து ஒரு "தேங்க் யூ" சொல்லுங்கள். தட்டுகளை அப்படியே விடலாம்.

பிடித்துப்போய் அடுத்து அம்மாவை அழைத்துப் போக நினைத்தால் நாட்காட்டியைப் பாருங்கள். இங்கே அன்னையர் தினம் மே மாதம் இல்லை. ஈஸ்டருக்கு மூன்று வாரம் முந்திய ஞாயிறு, பெரும்பாலும் மார்ச்சில் வரும். அன்று மதியம் எந்தக் கிராமத்துப் பப்பிலும் முன்பதிவில்லாமல் மேஜை கிடைப்பது அரிது. பிப்ரவரியிலேயே ஃபோன் போட்டுவிடுங்கள்.